மழைக் கணக்கும் மெமரி கார்டும்

கோவில்பட்டிப் பக்கத்துச் சம்சாரி ஒருவரிடம், "உங்க ஊர்ல வருசத்துக்கு எவ்வளவு மழை பெய்யும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "எப்பப் பெய்யும்னு கேளுங்க" என்பார். எழுநூறு மில்லிமீட்டரை ஒட்டிய ஆண்டுச் சராசரியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? புரட்டாசிப் பட்டத்தில் விதைத்தாயிற்று. உளுந்து பூப்பிடிக்கிற வாரத்தில் ஒரு மழை விழுமா, விழாதா? அதுதான் அவருக்குக் கணக்கு. சித்திரையில் ஒரே ராத்திரியில் கொட்டிவிட்டு ஓடையோடு போகிற மழையும் சராசரியில் சேரும், வெள்ளாமையில் சேராது.

கேமராவுக்கு மெமரி கார்டு வாங்கப் போகிறவருக்கு இந்தச் சம்சாரியின் புத்தி வேண்டும். கடையில் தொங்கும் அட்டையில் கண்ணைப் பறிக்கிற மாதிரி '200 மெகாபைட்' என்று போட்டிருப்பார்கள். விநாடிக்கு இருநூறு. இது சராசரிகூட இல்லை, வருசத்தில் ஒருநாள் கொட்டிய உச்ச மழை. அதிலும் பெரும்பாலும் அது கேமரா படத்தைக் கார்டில் எழுதுகிற வேகம் அல்ல. எழுதி முடித்ததைக் கணினி திரும்ப வாசிக்கிற வேகம். எழுதும் வேகம் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், சில அட்டைகளில் அதுவும் இருக்காது.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. சாதாரணக் கேமராக்களில் போடும் யு.எச்.எஸ்.-1 வகைக் கார்டுகளுக்கு, பொது விதிப்படி உச்ச வேகமே விநாடிக்கு 104 மெகாபைட்தான். பிறகு 170, 200 எல்லாம் எங்கிருந்து வந்தன? விதிக்கு வெளியே நிறுவனங்கள் தாங்களே செய்துகொண்ட ஏற்பாடு அது. அதற்கென்றே செய்த கார்டு ரீடரில் செருகினால்தான் அந்த வேகம் கிடைக்கும். கேமராவுக்குள் போனால் அதே கார்டு 104க்குக் கீழே அடங்கிவிடும். படங்களைக் கணினிக்கு ஏற்றும்போது பத்து நிமிடம் மிச்சமாகலாம். படமெடுக்கிற நேரத்தில் அந்த 200ஆல் ஒரு பயனும் இல்லை.

கார்டின் முகத்தைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பாருங்கள். வட்டத்துக்குள் 10 என்று ஓர் எண் இருக்கும். யு எழுத்தின் வயிற்றுக்குள் 1 அல்லது 3 இருக்கும். வி30, வி60, வி90 என்று ஏதாவது ஒன்று இருக்கலாம். வாசிக்கவே கஷ்டமான இந்தக் குறிகள்தான் கார்டின் வாக்குமூலம். வட்டத்துக்குள் 10, யு1, வி10 மூன்றும் விநாடிக்கு 10 மெகாபைட். யு3, வி30 இரண்டும் 30. வி60 என்றால் 60, வி90 என்றால் 90. இவை உச்ச வேகங்கள் அல்ல. விடாமல் எழுதிக்கொண்டே இருக்கும்போது இதற்குக் கீழே இறங்கமாட்டேன் என்று கார்டு ஒத்துக்கொள்ளும் தரைமட்டம். பூப்பிடிக்கிற வாரத்து மழை இதுதான். ஏ1, ஏ2 என்றும் சில கார்டுகளில் போட்டிருக்கும். அது செல்போனில் செயலிகளை ஓட்டுவதற்கான தரம், கேமராக்காரர் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

தரைமட்டம் என்று ஒன்றை ஏன் தனியாக எழுதித்தர வேண்டியிருக்கிறது? கார்டின் வேகம் எப்போதும் ஒரே மாதிரி இருக்காதா? இருக்காது. காரணம் அதன் வயிற்றுக்குள் இருக்கிறது.

கார்டுக்குள் இருப்பது ஃபிளாஷ் மெமரி. அந்தப் பெயரே கேமராவிலிருந்து போனதுதான். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் 1980களில் ஃபுஜியோ மசுவோகா என்ற பொறியாளர், மின்சாரம் நின்றாலும் மறக்காத ஒரு நினைவகத்தை உருவாக்கினார். பெருந்தொகுதியான தகவலை ஒரே மின்வீச்சில் அழிக்க முடிந்தது அதன் சிறப்பு. உடன் பணியாற்றிய ஷோஜி அரீசுமி அதைப் பார்த்துவிட்டு, கேமரா ஃபிளாஷ் அடித்த மாதிரி இருக்கிறதே என்று அந்தப் பெயரைச் சொன்னதாக வரலாறு. 1984இல் முதல் வகையை உலகுக்கு அறிவித்தார்கள். இன்று எல்லாக் கார்டிலும் இருக்கும் 'நேண்ட்' வகை 1987இல் வந்தது. கேமராவிடமிருந்து பெயரைக் கடன் வாங்கிய பொருள், பதினைந்து இருபது ஆண்டுக்குள் கேமராவிலிருந்து ஃபிலிமையே விரட்டிவிட்டது.

இது வேலை செய்யும் விதத்தைக் கரிசல்காட்டுக்காரருக்குச் சொல்வது எளிது. கரிசல் மண்ணில் நிறைந்திருக்கும் களிமண், மாண்ட்மோரில்லோனைட் என்ற கனிமம். கண்ணுக்குத் தெரியாத ஏடுகளாக அடுக்கியிருக்கும். மழைநீர் ஏடுகளுக்கு இடையில் புகுந்துவிட்டால் லேசில் வெளியே வராது. மழை நின்று வாரக்கணக்கானாலும் பருத்தி வாடாமல் நிற்பது அந்தப் பிடிப்பால்தான். ஃபிளாஷ் மெமரியின் ஒவ்வொரு அறையும் இப்படி எலக்ட்ரான்களைப் பிடித்து வைக்கும் ஓர் இடம். சுற்றிலும் மின்சாரம் கடத்தாத ஆக்சைடுச் சுவர். அதிக மின்னழுத்தம் கொடுத்தால் எலக்ட்ரான்கள் அந்தச் சுவரைத் துளைக்காமலே ஊடுருவி உள்ளே போய்விடும் – குவாண்டம் இயற்பியல் அனுமதிக்கும் விநோதங்களில் ஒன்று இது. மின்னழுத்தத்தை எடுத்ததும் மாட்டிக்கொள்ளும். அறையில் எலக்ட்ரான் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்பதுதான் உங்கள் படம்.

வாசிப்பது என்றால் அறையைத் தட்டிப் பார்ப்பது. சட்டென்று முடியும். எழுதுவது அப்படியல்ல. கொஞ்சம் எலக்ட்ரானைத் தள்ளு, அளந்து பார், போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் தள்ளு, மறுபடி அளந்து பார். அதனால்தான் வாசிக்கும் வேகத்துக்கும் எழுதும் வேகத்துக்கும் அவ்வளவு இடைவெளி. அழிப்பது இன்னும் சங்கடம். அறைகள் பல சேர்ந்ததைப் பக்கம் என்பார்கள்; ஒரு பக்கத்தை மட்டும் தனியாக அழிக்க இதில் வழியில்லை. பல பக்கங்கள் கொண்ட தொகுதியை மொத்தமாகத்தான் துடைக்க முடியும், சிலேட்டில் ஒரு வரிக்காக முழுச் சிலேட்டையும் துடைப்பது மாதிரி. அந்தச் சிலேட்டில் இன்னும் வேண்டிய வரிகள் இருந்தால் முதலில் அவற்றை வேறு சிலேட்டுக்குப் படியெடுத்துவிட்டுத்தான் துடைக்க வேண்டும். கார்டுக்குள் இருக்கும் சின்னக் கட்டுப்பாட்டுச் சில்லு இந்த வேலையைச் சொல்லாமல் கொள்ளாமல் செய்துகொண்டே இருக்கும். நீங்கள் படமெடுக்கிற நேரத்தில் அது சிலேட்டு துடைக்க உட்கார்ந்தால் வேகம் சரியும்.

விலையைக் குறைக்க இன்னொரு தந்திரமும் செய்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் ஓர் அறையில் எலக்ட்ரான் உண்டு, இல்லை என்று இரண்டே நிலைதான். இப்போதைய கார்டுகளில் பெரும்பாலும் ஓர் அறைக்கு எட்டு நிலை; சிலவற்றில் பதினாறு. உழக்கு அதே உழக்குதான், உள்ளே எட்டுக் கோடு கிழித்து ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் அர்த்தம் வைத்தாயிற்று. கோடு நெருங்க நெருங்க அளப்பதற்குப் பொறுமை வேண்டும், எழுதுவது மந்தமாகும். இதை மறைக்க, பல கார்டுகள் முதல் சில ஜி.பி.யை இரண்டு நிலைக் கணக்கில் அவசரமாக வாங்கிக் குவித்துவிட்டு, பிறகு ஓய்வாக எட்டு நிலைக்கு அடுக்கும். களத்தில் கொட்டிவிட்டு அப்புறம் மூட்டை பிடிப்பதுபோல. களம் நிறைந்த பிறகும் வண்டி வந்துகொண்டே இருந்தால்? கடையில் இரண்டு நிமிடம் சோதித்தபோது பறந்த கார்டு கல்யாண வீட்டில் இருபதாவது நிமிடம் நொண்டுவதற்கு இதுதான் காரணம்.

இப்போது மைதானத்துக்குப் போவோம். கோவில்பட்டிக்கு ஹாக்கி எவ்வளவு சொந்தம் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். கடலை மிட்டாய் ஊர், தீப்பெட்டி ஊர் என்றுதான் தெரியும். செயற்கைப் புல் விரித்த ஆடுகளம், லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி, தெருவுக்குத் தெரு மட்டையோடு போகிற பிள்ளைகள்! 2022இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஆடிய இந்திய அணியில் இந்த ஊர்க்காரர் மாரீஸ்வரன் சக்திவேல் இருந்தார். இங்கே பயிற்சி பெற்ற அரியலூர்க்காரர் கார்த்தி செல்வம் அதே போட்டியில் பாகிஸ்தானுக்கு எதிராக கோல் போட்டார்.

ஹாக்கியில் பெனால்டி கார்னரைப் படமெடுப்பது கேமராவுக்கும் கார்டுக்கும் ஒருசேர வைக்கிற பரீட்சை. பின் எல்லைக்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளுகிறார்கள், வட்டத்தின் விளிம்பில் ஒருவர் நிறுத்துகிறார், இன்னொருவர் குனிந்து மட்டையால் இழுத்து வீசுகிறார். இரண்டு விநாடி ஆட்டம். விரல் பொத்தானை விட்டு எழுவதில்லை. 24 மெகாபிக்சல் கேமராவில், பிடித்ததைப் பதப்படுத்தாமல் அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு ஒன்று சுமார் 30 மெகாபைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்குப் பத்துப் படம். ஆக விநாடிக்கு 300 மெகாபைட் வந்து விழுகிறது. சாதாரணக் கார்டு எதுவும் இந்த வேகத்தில் விழுங்காது. அதனால் கேமராவுக்குள் பஃபர் என்று ஒரு தற்காலிக நினைவகம் வைத்திருக்கிறார்கள். அதுதான் கண்மாய். மழை எவ்வளவு வேகமாக வந்தாலும் கண்மாய் முதலில் வாங்கிக்கொள்ளும். மடை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். கார்டின் எழுதும் வேகம்தான் அந்த மடை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பஃபர் 1,500 மெகாபைட் கொள்ளும் என்போம். கார்டு விநாடிக்கு 35 மெகாபைட் எழுதினால், ஒவ்வொரு விநாடியும் 265 மெகாபைட் உள்ளே தங்கும். ஐந்தரை விநாடி தாண்டினால் கண்மாய் நிரம்பிவிடும். கேமரா திக்கும். பொத்தானை விட்டுவிட்டுக் காத்திருந்தாலும் முழுவதும் வடிய 43 விநாடி. கார்டு 80 மெகாபைட் எழுதினால் ஏழு விநாடிக்குக் கொஞ்சம் முன்னால் நிரம்பும், 19 விநாடியில் வடியும். 250 எழுதுகிற கார்டு என்றால் அரை நிமிடம் விடாமல் அடிக்கலாம், ஆறே விநாடியில் காலியாகிவிடும்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று. முதல் இரண்டு விநாடிக்கு மூன்று கார்டும் ஒன்றுதான்! எதைப் போட்டிருந்தாலும் அந்த இருபது படமும் கிடைத்துவிடும். வித்தியாசம் தெரிவது அடுத்த தடவையில். அடித்த பந்து கோல்கீப்பர் காலில் பட்டுத் திரும்புகிறது, எதிரணி பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறது, மறுபடியும் வட்டத்துக்குள் கூட்டம். கேமராவின் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் இன்னும் எரிந்துகொண்டே இருக்கும். சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே கோலைத் தவறவிட்டவர்களில் நானும் ஒருவன். மெதுவான கார்டு முதல் படத்தைக் கெடுப்பதில்லை, அடுத்த படத்தைத்தான் கெடுக்கும்.

இதற்குக் காசு செலவில்லாத ஒரு வழியும் இருக்கிறது. ராவை விட்டுவிட்டு ஜேபெக்கில் எடுத்தால் படம் ஒன்றுக்கு 10 மெகாபைட் அளவுதான் ஆகும். விநாடிக்கு நூறு. எண்பது எழுதுகிற கார்டே ஏறக்குறைய ஈடுகொடுத்துவிடும். பத்திரிகைப் படக்காரர்கள் பலர் விளையாட்டை ஜேபெக்கில்தான் எடுக்கிறார்கள். கால்மணி நேரத்தில் அலுவலகத்துக்குப் படம் போய்ச்சேர வேண்டியவருக்கு ரா எதற்கு?

அந்த 250 மெகாபைட் கார்டை வாங்கலாம் என்று நினைப்பவர் முதலில் தன் கேமராவின் குழியைப் பார்க்க வேண்டும். கார்டின் முதுகில் பொன்னிறப் பட்டைகள் ஒரே வரிசை என்றால் யு.எச்.எஸ்.-1. இரண்டு வரிசை என்றால் யு.எச்.எஸ்.-2, இது 2011இல் வந்த விதி, உச்சம் 312 மெகாபைட். இரட்டை வரிசைக் கார்டைப் பழைய கேமராவில் போட்டால் வேலை செய்யும். ஆனால் இரண்டாவது வரிசையைத் தொட அங்கே ஊசியே இல்லை, ஒற்றை வரிசைக் கார்டாகத்தான் ஓடும். இரட்டிப்பு விலை கொடுத்து வாங்கி ஒற்றை வரிசைக் குழியில் செருகுவது, போர்வெல்லுக்குப் பெரிய மோட்டார் வாங்கிவிட்டு அரை அங்குலக் குழாய் மாட்டுகிற கதை. இதற்கும் மேலே சி.எஃப். எக்ஸ்பிரஸ் என்று ஒரு வகை உண்டு. கணினிகளின் எஸ்.எஸ்.டி. பயன்படுத்தும் அதே பாதையில் ஓடுவது, விநாடிக்கு ஆயிரம் மெகாபைட்டைத் தாண்டும். அதற்கான குழி உள்ள கேமரா வைத்திருப்பவருக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

ஹாக்கியை விட்டுக் கல்யாண வீட்டுக்கு வந்தால் கணக்கு தலைகீழாகும். அங்கே மழை கொட்டுவதில்லை. நாள் முழுக்கத் தூறல். வீடியோவின் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள், கார்டின் வேகத்தை மெகாபைட்டில். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். இந்த ஒற்றை எழுத்து வித்தியாசத்தில் எத்தனை பேர் அநாவசியமாகப் பணத்தைக் கொட்டியிருக்கிறார்கள்! விநாடிக்கு 100 மெகாபிட் 4கே வீடியோ என்றால் மலைப்பாக இருக்கும். எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை மெகாபைட். வி30 கார்டு தாராளமாகப் போதும். 400 மெகாபிட் என்றால் ஐம்பது, அப்போதுதான் வி60 வேண்டும். வி90 தேவைப்படுகிறவர்கள் சினிமாத் தரத்தில் எடுக்கிற சிலர்தான். பன்னிரண்டரை என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. 128 ஜி.பி. கார்டில் இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும். மாப்பிள்ளை அழைப்பில் தொடங்கினால் தாலி கட்டும்வரை தாங்கும், பந்திக்குத் தாங்காது.

கல்யாணத்தில் வேகத்தைவிட முக்கியம் நம்பகம். ஹாக்கியில் ஒரு கோல் போனால் இன்னொரு கோல் விழும். தாலியை மறுபடி கட்டச் சொல்ல முடியுமா? கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் கோயிலில் முகூர்த்த நாளில் அடுத்தடுத்து ஜோடிகள் காத்திருக்க, மேளம் கெட்டியாக ஒலிக்க, "கார்டு எர்ரர்" என்று திரையில் வந்தால் என்ன செய்வது? இரண்டு குழியுள்ள கேமரா வைத்திருப்பவர்கள் ஒரே படத்தை இரண்டிலும் எழுதும்படி அமைத்துவிடுவார்கள். அப்படி அமைத்தால் இரண்டில் மெதுவான கார்டின் வேகம்தான் கேமராவின் வேகம் என்பதை மறக்கக் கூடாது. முதல் குழியில் குதிரையும் இரண்டாவதில் எருமையும் கட்டினால் வண்டி எருமை வேகத்தில்தான் போகும்.

ஒரே குழி உள்ளவர்கள்? மானாவாரிச் சம்சாரி பருத்தியை மட்டும் நம்பி இருப்பதில்லை. ஊடே உளுந்து போடுவார், வரப்போரம் ஆமணக்கு நிற்கும். ஒன்று கைவிட்டால் இன்னொன்று. ஒரே 512 ஜி.பி. கார்டில் கல்யாணம் முழுவதையும் ஏற்றுவதைவிட, நாலு 128 ஜி.பி. கார்டில் பிரித்து எடுப்பது இந்த வழிதான். ஒன்று கெட்டாலும் நிச்சயதார்த்தம் போகும், முகூர்த்தம் மிஞ்சும். கார்டைக் கழற்றி மாட்டும்போது தொலைக்கிற அபாயம் கூடும் என்று எதிர்வாதம் செய்பவர்கள் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது, பையில் ஓட்டை உள்ளவர்கள் அவர்கள் பேச்சைக் கேட்கட்டும்.

பழைய கேமரா வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. எஸ்.டி. கார்டில் 2 ஜி.பி. வரை ஒரு தலைமுறை, 32 ஜி.பி. வரை எஸ்.டி.எச்.சி. என்ற அடுத்த தலைமுறை, அதற்கு மேல் 2 டி.பி. வரை எஸ்.டி.எக்ஸ்.சி. கடைசி வகை 2009இல்தான் வந்தது. அதற்கு முந்திய கேமரா 64 ஜி.பி. கார்டைக் கண்டால் முழிக்கும்.

கழுகுமலைக்குப் படமெடுக்கப் போகிறவர் இதில் எதைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் மேலிருந்து கீழாகக் குடைந்த வெட்டுவான் கோவில் ஆயிரத்து இருநூறு ஆண்டாக அங்கேயேதான் இருக்கிறது. நீங்கள் கார்டு எழுதி முடிக்கும்வரை எங்கேயும் போய்விடாது. முக்காலியை ஊன்றி, சமணச் சிற்பங்களின் மேல் சாய்வெயில் விழும்வரை காத்திருக்கிறவருக்கு இருக்கிறதிலேயே சாதாரணக் கார்டு போதும். ஒரே நிபந்தனை, அது அசலாக இருக்க வேண்டும்.

போலிக் கார்டு என்றால் ஏதோ மட்டமான சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அது பொய் சொல்கிற கார்டு. உள்ளே இருப்பது 8 ஜி.பி., ஆனால் கட்டுப்பாட்டுச் சில்லில் 128 என்று எழுதி வைத்துவிடுவார்கள். கேமரா கேட்டால் 128 என்று சொல்லும், கணினி கேட்டாலும் அப்படியே. எட்டு நிறைகிறவரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதற்குப் பிறகு வருகிற படங்களை வாங்குவதுபோல் வாங்கி ஒன்றுமில்லாத இடத்தில் போட்டுவிடும், அல்லது பழைய படங்களின் மேலேயே எழுதும். பெயர்ப் பட்டியலில் எல்லாப் படமும் இருக்கும், திறந்தால் இருக்காது. ஒரு தடவை நானும் ஏமாந்தேன். பாதி விலைக்குக் கிடைத்த கார்டு, குலதெய்வக் கோயில் கொடை. சாமியாட்டம் வரை படம் இருந்தது. அதற்குப் பிறகு இருந்தது வெறும் சாம்பல் நிறக் கட்டம். அன்றிலிருந்து அத்தை என் கேமராவைக் கண்டாலே, "இதுலயாவது விழுமா?" என்று கேட்கிறாள்.

கண்டுபிடிக்க ஒரே வழி, கார்டு முழுவதும் எழுதி, முழுவதும் திரும்ப வாசித்து ஒப்பிடுவது. எஃப்3, எச்2டெஸ்ட்டபிள்யூ என்று இலவச நிரல்கள் இதற்கென்றே இருக்கின்றன. விநாடிக்கு 30 மெகாபைட் வேகத்தில் 128 ஜி.பி.யை நிரப்ப ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும், திரும்ப வாசிக்க இன்னும் கொஞ்சம். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் விடை தெரியும். 128 என்று வாங்கிய கார்டு கணினியில் 119 என்று காட்டினால் சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள், கணினி 1,024ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான். புதுக் கார்டை இந்தச் சோதனை முடிக்காமல் கல்யாணத்துக்குக் கொண்டுபோவதில்லை என்பது அனுபவப்பட்ட ஸ்டூடியோக்காரர்களின் வழக்கம்.

நம் ஊர் வெயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மழை குறைந்து காற்று உலர்ந்து கிடப்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் வேரூன்றின. அதே உலர்ந்த காற்று கேமராவுக்கு நல்லது. கடற்கரை ஊர்களில் லென்சில் பூஞ்சை பிடிக்கிற தொல்லை இங்கே குறைவு. ஆனால் புழுதி இருக்கிறதே! வைகாசி, ஆனியில் காற்றடிக்கும்போது கரிசல் புழுதி பவுடர் மாதிரி எல்லாவற்றிலும் ஏறும். கார்டின் பொன்னிறப் பட்டையில் படிந்த புழுதி, குழியின் ஊசிக்கும் பட்டைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு 'கார்டு இல்லை' என்று கேமராவைச் சொல்லவைக்கும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். சட்டைப் பையில் சில்லறையோடு கார்டைப் போடுகிறவர்களுக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

வெயிலின் சேதம் வேறு வகை. படமெடுக்கும்போது கார்டு சூட்டைத் தாங்கும். பெரும்பாலான கார்டுகளுக்கு 85 டிகிரி செல்சியஸ் வரை என்று எழுதித்தருகிறார்கள். சேமித்து வைப்பதில்தான் சங்கதி. ஆக்சைடுச் சுவருக்குள் மாட்டிய எலக்ட்ரான்கள் என்றென்றைக்கும் மாட்டியிருப்பதில்லை, மெல்லக் கசியும். சூடு ஏற ஏறக் கசிவு வேகமாகும். அழித்து எழுதுகிற ஒவ்வொரு தடவையும் சுவரில் கண்ணுக்குத் தெரியாத காயம் விழும், ஆக வயதான கார்டில் கசிவு இன்னும் அதிகம். கரிசல் நிலம் ஒவ்வொரு கோடையிலும் ஆள் கால் போகிற அளவுக்கு வெடித்து, ஒவ்வொரு ஐப்பசியிலும் தானே மூடிக்கொள்ளும். ஆக்சைடுக்கு அந்த வரம் இல்லை. எட்டு நிலை அறைகள் ஆயிரத்திலிருந்து சில ஆயிரம் தடவை அழித்தெழுதுவதைத் தாங்கும். இது படக்காரர் ஒருவருக்குப் பல ஆண்டு காணும். ஆனால் அக்கினி நட்சத்திரத்தில் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வாரக்கணக்கில் கிடக்கும் பழைய கார்டு படத்தைப் பத்திரமாக வைத்திருக்கும் என்று நம்ப வேண்டாம். அலமாரியில் பத்து வருசம் வைத்துவிட்டு எடுக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம்.

படத்தை வேறு இடத்துக்கு மாற்றிய பிறகு கார்டை அந்தக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்வது நல்லது. ஒவ்வொரு படமாக அழித்தழித்து இடம் பண்ணினால் பெயர்ப் பட்டியல் கந்தலாகும். தவறி அழித்துவிட்டால் பதற வேண்டாம். அழிந்தது பெரும்பாலும் பட்டியலில் இருந்த பெயர்தான், படம் அறைகளில் இன்னும் இருக்கும். அந்தக் கார்டில் அதற்குமேல் ஒரு படம்கூட எடுக்காமல் கழற்றி வைத்துவிட்டு, ஃபோட்டோரெக் போன்ற இலவச நிரலில் போட்டால் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். கார்டின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பூட்டு, உள்ளே எதனுடனும் இணைந்திருப்பதில்லை. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேமராதான் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. உடைந்துபோனால் ஒரு துண்டு டேப் ஒட்டிச் சமாளிக்கலாம்.

கோவில்பட்டிக்கும் படத்துக்கும் உள்ள உறவு பழையது. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுத வந்து இந்த ஊரிலேயே தங்கிவிட்ட ஓவியர் சி. கொண்டைய ராஜு (1898–1976) இங்கேதான் சீடர்களோடு ஒரு ஸ்டூடியோ நடத்தினார். ஃபோட்டோவும் பிடித்தார்கள், ஓவியமும் எழுதினார்கள். அவர்கள் கையால் எழுதிய முருகனும் மீனாட்சி கல்யாணமும் சிவகாசி அச்சகங்களுக்குப் போய் காலண்டராகி, தமிழ்நாட்டுப் பூஜை அறைகளில் எல்லாம் ஏறின. அந்த மூல ஓவியங்கள் ஒவ்வொன்றும் இன்று எங்கே இருக்கின்றன என்று தேட வேண்டும். காலண்டர் படங்களைத் தேட வேண்டியதில்லை. ஏதாவது ஒரு பாட்டி வீட்டில் சட்டம் போட்டு, பொட்டு வைத்து மாட்டியிருக்கும். மூலம் ஒன்று, பிரதி லட்சம். மெமரி கார்டு மூலம்கூட இல்லை, அச்சகத்துக்குப் படத்தைக் கொண்டுபோகிற சைக்கிள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு வெவ்வேறு ஹார்டு டிஸ்கில் இறக்கி, இரண்டிலும் திறந்து பார்த்த பிறகுதான் ஃபார்மேட்.

அதுவரை எடுத்த கார்டும் எடுக்காத கார்டும் கலந்துவிடாமல் இருக்க வேண்டுமே. எனக்குத் தெரிந்த கல்யாணப் படக்காரர் ஒருவர் சின்ன பிளாஸ்டிக் பெட்டியில் ஆறு கார்டு அடுக்கி வைத்திருப்பார். காலி கார்டு முகம் மேலே பார்த்திருக்கும், எடுத்து முடித்ததைக் குப்புறக் கவிழ்த்துவிடுவார். பந்தியில் பாயசம் வருகிற நேரத்தில் உதவியாள் பையன் ஓடி வந்து, "அண்ணாச்சி, இதுல எதை எடுக்க?" என்று கேட்டால், இலையிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வார்: "முகம் தெரியிறதை எடு."